என்ஜின் ஓடுகிறது, கார் ஓடவில்லை!

தேய்ந்த கிளட்ச்சை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

ராமேசுவரம் போகும் கார்களுக்கு ஒரு சோதனை உண்டு.

அது பாம்பன் பாலத்தில் தொடங்கும். தனுஷ்கோடி மணலில் முடியும்.

மதுரையில் இருந்து ஒரு குடும்பம் சொந்தக் காரில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காரை ஓட்டுகிறார். பக்கத்தில் பாட்டி. பின்னால் அம்மாவும் பிள்ளைகளும். சுமார் 170 கிலோ மீட்டர் பயணம்.

பாம்பன் வருகிறது. "கடல்! கடல்!" என்று பிள்ளைகள் துள்ளுகிறார்கள்.

பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் போனவர்கள் கடலை வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்திவிட்டார்கள். அடியில் படகுகள் போவதற்காக, பாலத்தின் நடுப்பகுதி உயர்த்திக் கட்டப்பட்டு இருக்கிறது. அந்த ஏற்றத்தில் கார் நிற்கிறது. ஓர் அடி நகர்கிறது. மறுபடியும் நிற்கிறது.

அப்பா கை பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி, காரை அப்படியே பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

கோவிலில் தரிசனம் முடிந்தது. அடுத்தது தனுஷ்கோடி. "அலைக்குப் பக்கத்தில் போகலாம் அப்பா" என்றான் பையன். சாலையை விட்டுக் காரை மணலில் இறக்கினார் அப்பா.

அவ்வளவுதான்! சக்கரம் புதைந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினார். என்ஜின் அலறியது. கார் அசையவில்லை. கருகிய வாடை மூக்கைத் துளைத்தது.

அங்கே நின்ற வேன் டிரைவர் ஓடி வந்தார்.

"சார், சார்! ஆக்சிலேட்டரை விடுங்க. கிளட்ச் பிளேட்டு கருகுது!"

"என்ஜின் நல்லா ஓடுதே தம்பி. வண்டி ஏன் நகர மாட்டேங்குது?"

"என்ஜின் ஓடி என்ன சார் பண்றது? பிளேட்டு வழுக்குதே!"

நாலு பேர் தள்ளிக் கார் வெளியே வந்தது. ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அது பழைய கார் அல்ல. மேடு ஏற மறுத்தது. அடுத்த வாரம் மெக்கானிக் வந்து பார்த்தார். "கியர் பாக்ஸை இறக்கணும். கிளட்ச் செட்டை மாத்தணும்" என்றார்.

கேட்டதும் பலருக்குத் தலை சுற்றும். அது என்ன கிளட்ச்? எதற்காக இருக்கிறது? ஏன் தேய்கிறது? கொஞ்சம் பொறுமையும் சரியான கருவிகளும் உள்ளவர் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

தோசைக்கல்லும் சப்பாத்தியும்

காரின் என்ஜின், நிற்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சும்மா நிற்கும் காரில்கூட நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும். சக்கரமோ நிற்கிறது. சுற்றுகிற என்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் திடீர் என்று இணைத்தால் என்ன ஆகும்? கார் ஒரு குதி குதிக்கும். என்ஜின் நின்றுவிடும்.

இரண்டையும் மெல்ல மெல்லச் சேர்த்து வைக்க ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் கிளட்ச்.

இரண்டு தோசைக்கற்களுக்கு நடுவே ஒரு சப்பாத்தியை வைத்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தோசைக்கல் பிளைவீல். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் அது. இரண்டாவது தோசைக்கல் பிரஷர் பிளேட். நடுவில் உள்ள சப்பாத்திதான் கிளட்ச் பிளேட். அதன் நடுவில் பல் வெட்டிய துவாரம் இருக்கிறது. கியர் பாக்ஸில் இருந்து வரும் தண்டு அதற்குள் நுழைந்து நிற்கும்.

பிரஷர் பிளேட்டில் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. 300, 400 கிலோ எடையை ஏற்றியது போல அது கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும். அப்போது மூன்றும் ஒன்றாகச் சுற்றும். கார் ஓடும்.

கிளட்ச் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற உருளை முன்னால் நகர்ந்து ஸ்பிரிங்கைத் தள்ளும். பிடி தளரும். பிளைவீல் சுற்றும், நடுவில் உள்ள பிளேட் சுற்றாது. அந்த நேரத்தில்தான் கியர் மாற்றுகிறோம்.

பழைய காலத்துக் கார்களில் இந்தப் பிடிப்புக்குத் தோலைப் பயன்படுத்தினார்கள். இன்று கடினமான உராய்வுப் பட்டையை பிளேட்டின் இரண்டு பக்கமும் ரிவிட் அடித்துப் பொருத்துகிறார்கள்.

முழுதாக மிதித்தால் தேய்மானம் இல்லை. முழுதாக விட்டாலும் தேய்மானம் இல்லை. பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து! பிளேட் பிடித்தும் பிடிக்காமலும் உரசுகிறது. சூடு ஏறுகிறது. கருகுகிறது. பாம்பன் பாலத்து ஏற்றத்தில் நடந்தது அதுதான். தனுஷ்கோடி மணலில் நடந்ததும் அதுதான்.

மணல் தின்ற தகடுகள்

1988-ம் ஆண்டுக்கு முன்பு இந்தப் பிரச்சினை கார்க்காரர்களுக்கு இல்லை. அன்று பாம்பன் கடலைக் கடக்க 1914-ல் திறக்கப்பட்ட ரெயில் பாலம்தான் உண்டு. கார் தன் சொந்தச் சக்கரத்தில் உருண்டு தீவுக்குள் போக வழி இல்லை. 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 2,345 மீட்டர்.

தனுஷ்கோடி கதை வேறு. 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடித்த புயல் அந்த ஊரையே விழுங்கியது. ரெயில் பாதை போயிற்று. சாலையும் போயிற்று. அதன் பிறகு பல ஆண்டுகள், அங்கே போக விரும்பியவர்கள் ஜீப்பிலும் வேனிலும்தான் போனார்கள். மணலிலும் கடல் நீர் தேங்கிய சேற்றிலும் அந்த வண்டிகள் ஆடி ஆடிச் சென்றன. 2017-ம் ஆண்டில்தான் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டது.

மணலில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். சிறிய கியரில், நிற்காமல், ஒரே சீராகப் போக வேண்டும். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரோடு சண்டை போடக் கூடாது. இறங்கி மணலை அள்ள வேண்டும். சக்கரத்தின் கீழே பலகையோ சாக்கோ போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கிளட்ச்.

இன்று நல்ல சாலை இருக்கிறது. ஆனாலும் சாலையை விட்டு இறங்கினால், அதே பழைய மணல்தான்!

கார் பேசும் மொழி

கிளட்ச் சாவதற்கு முன்பு எச்சரிக்கை செய்யும். கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. இது முதல் அறிகுறி. பிளேட் வழுக்குகிறது.

மேட்டில் ஏறும்போது கருகிய வாடை வருகிறது. இது இரண்டாவது.

கார் புறப்படும்போது உடம்பெல்லாம் நடுங்குகிறது. பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். அல்லது பிளைவீல் முகம் கெட்டிருக்கலாம்.

ரிவர்ஸ் கியர் போடும்போது 'கரகர' என்கிறது. பிடி முழுதாக விடவில்லை.

பெடலை மிதித்தால் 'கீச்' என்று சத்தம். விட்டால் சத்தம் இல்லை. ரிலீஸ் பேரிங் போய்விட்டது.

ஒரு சோதனையும் உண்டு. காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. கை பிரேக்கை இறுக்கிப் போடுங்கள். மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் திணறி நின்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையை ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் உள்ள பிளேட்டும் போய்விடும்.

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்!

முதலில் கேபிளைப் பாருங்கள். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தினால், தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும். இதை 'பிளே' என்பார்கள். பிளே அறவே இல்லை என்றால் கால் எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே இருக்கிறது என்று பொருள். ஸ்பானரால் கேபிள் நட்டைத் திருகிச் சரி செய்தாலே கார் சில நேரம் பிழைத்துக்கொள்ளும். செலவே இல்லை!

எண்ணெயால் இயங்கும் கிளட்ச் என்றால், எண்ணெய் குறைந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கார் வழுக்கினால், கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

பிரித்துப் பார்த்துப் படித்தவர்

"நம்மால் முடியுமா?" என்று கேட்பவர்கள் கோவை ஜி.டி.நாயுடுவை நினைத்துக்கொள்ளலாம்.

கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த அவர், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்தார். அதை வாங்கப் பணம் இல்லை. ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து வாங்கினார். வாங்கிய வண்டியில் ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. அக்கக்காகப் பிரித்தார். மறுபடியும் பூட்டினார். அப்படித்தான் அவர் எந்திரம் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார்.

ஆனால் ஒன்று. பிரிக்கத் துணிந்த அவர், பூட்டவும் பொறுமை வைத்திருந்தார். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்பானரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கார்களிலும் வேறுபாடு உண்டு. பின் சக்கரம் இழுக்கும் அம்பாசடர் போன்ற பழைய காரில் கியர் பாக்ஸ் என்ஜினுக்குப் பின்னால் நீளவாக்கில் இருக்கும். 1983-ல் வந்த மாருதி 800 போன்ற முன் சக்கரம் இழுக்கும் காரில் அது என்ஜினுக்குப் பக்கத்தில் குறுக்காக இருக்கும். இவை இரண்டையும் கவனம் உள்ளவர் வீட்டில் செய்யலாம். தானாகவே கியர் மாறும் கார்களையும், கம்ப்யூட்டர் சரி பார்க்க வேண்டிய புதிய கார்களையும் ஒர்க் ஷாப்பில் விடுவதுதான் அறிவுடைமை.

உயிர் முக்கியம்

ஸ்பானரை எடுக்கும் முன்பு இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்! ஜாக்கி காரைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. அது சரிந்தால் ஒரு நொடியில் உயிர் போய்விடும். கார் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக் கல்லும் உதவாது. அவை சொல்லாமல் உடையும்.

ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் வாசல் எல்லாம் மணல். மணலில் ஸ்டாண்டு புதையும். ஒரு பக்கம் சாயும். சிமெண்டுத் தரை உள்ள இடத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

ஸ்டாண்டில் வைத்த பிறகு காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடியும் வையுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பிள்ளைகள் காருக்கு அடியில் எட்டிப் பார்க்க விடாதீர்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் சேர்த்திருப்பார்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். ஆகவே உள்ளே இருக்கும் தூசை வாயால் ஊதாதீர்கள். காற்று பம்பாலும் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். மூக்கில் முகமூடி இருக்கட்டும்.

கழற்றும் வேலை

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு காரைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். கியர் ஆயிலை வடியுங்கள்.

முன் சக்கரக் காரில் இரண்டு ஆக்சில் தண்டுகளையும் கியர் பாக்ஸில் இருந்து உருவ வேண்டும். பின் சக்கரக் காரில் நீளத் தண்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன்பு இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பூட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும்.

அடுத்து கிளட்ச் கேபிள், கியர் கம்பி, ஸ்பீடாமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு வயர், ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொன்றையும் கழற்றும் முன்பு செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதில் அவர்கள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்!

கடற்கரை ஊர்களில் இங்கேதான் வேலை முட்டிக்கொள்ளும். உப்புக் காற்று போல்ட்டுகளைத் துருவால் பூட்டி வைத்திருக்கும். பலம் கொண்ட மட்டும் திருகினால் தலை முறிந்துவிடும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். காலையில் லேசாகத் தட்டுங்கள். மெல்லத் திருகுங்கள்.

இப்போது என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கி கொடுங்கள். கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி. கியர் பாக்ஸ் 30, 40 கிலோ எடை இருக்கும். நெஞ்சில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுத்துவிட்டு, அதை நேராக வெளியே இழுங்கள். அதன் எடை முழுவதும் நடுத் தண்டில் தொங்கக் கூடாது.

கியர் பாக்ஸ் வெளியே வந்துவிட்டதா? எதிரே தெரிவதுதான் பிரஷர் பிளேட். அதன் போல்ட்டுகளை எதிர் எதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். ஒரே பக்கமாகக் கழற்றினால் தகடு கோணிவிடும்.

கடைசிப் போல்ட்டு வந்ததும் கிளட்ச் பிளேட் கையில் விழும். அதைப் பாருங்கள். பட்டைக்குள் ரிவிட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? பல கார்களில் அரை மில்லி மீட்டருக்குக் குறைந்தால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. ரிவிட்டே உரசி இருந்தால் பிளைவீலிலும் கோடு விழுந்திருக்கும்.

பிளைவீலில் நீல நிறத் திட்டு இருந்தால் அது சூட்டின் அடையாளம். வெடிப்போ ஆழமான கோடோ இருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அல்லது மாற்ற வேண்டும். பிளேட் எண்ணெயில் நனைந்து இருந்தால் என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

பூட்டும் வேலை

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இதைத்தான் 'செட்' என்கிறார்கள். பேரிங் நன்றாக இருக்கிறதே என்று மிச்சம் பிடித்தால், அந்தச் சின்னப் பேரிங்குக்காக மறுபடியும் கியர் பாக்ஸை இறக்க நேரும்.

பிளைவீலைச் சுத்தமாகத் துடையுங்கள். கிரீஸ் கையால் புதுப் பிளேட்டைத் தொடாதீர்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதி இருக்கும். மாற்றிப் போட்டால் கிளட்ச் வேலை செய்யாது.

இந்த வேலையின் உயிர்நாடி, பிளேட்டை நடுவில் நிறுத்துவது. கடையில் இதற்கென்று ஒரு தண்டு கிடைக்கும். அதைத் துவாரத்தில் நுழைத்து, பிளேட் நட்ட நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு தண்டை உருவுங்கள். பிளேட் ஒரு நூல் விலகி இருந்தாலும் கியர் பாக்ஸ் உள்ளே போகாது.

கியர் தண்டின் பல்லில் கிரீஸை விரலால் தொட்டு லேசாகத் தடவினால் போதும். அதிகமானால் அது சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில் படும்.

கியர் பாக்ஸை நேராகத் தூக்கி உள்ளே தள்ளுங்கள். போகவில்லையா? போல்ட்டை முடுக்கி இழுக்காதீர்கள்! தண்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பல்லும் பல்லும் சேர்ந்தால் தானாக வழுக்கி உள்ளே போகும். உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டு.

மற்றவை எல்லாம் கழற்றியதற்குத் தலைகீழ். படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். புதிய கியர் ஆயில் ஊற்றுவதை மறந்துவிடாதீர்கள். பெடலின் பிளே எவ்வளவு என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அந்த அளவுக்குக் கேபிளை வையுங்கள்.

பழகிய மெக்கானிக் அரை நாளில் முடிக்கும் வேலை இது. முதல் தடவை செய்பவருக்கு இரண்டு நாள் ஆகலாம். அதனால் என்ன? திங்கட்கிழமை அவசரமாக ஊருக்குப் போக வேண்டும் என்றால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தொடங்காதீர்கள்.

கடலிலும் கிளட்ச்

கிளட்ச் காருக்கு மட்டும் சொந்தம் அல்ல. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் நிற்கும் விசைப்படகுகளின் கியரிலும் கிளட்ச் உண்டு. முன்னே போக, நிற்க, பின்னே வர அதுதான் உதவுகிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் பெருகுவதற்கான தடைக்காலம் அது. அந்த நாட்களில் படகுகள் கரை ஏறும். என்ஜினும் கியரும் பிரிக்கப்படும். கார் நடுவழியில் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். படகு நடுக்கடலில் நின்றால் யார் தள்ளுவது? ஆகவே கெடும்வரை காத்திராமல் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள்.

கார்க்காரர்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

கடலோரத்தில் மாதக் கணக்கில் காரை நிறுத்தி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரக் காற்றில் பிளைவீல் துருப்பிடித்து, கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொள்வது உண்டு. வாரம் ஒரு முறையாவது காரை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிளேட் நீடிக்க

நன்றாக ஓட்டுபவர் கையில் ஒரு கிளட்ச் 1 லட்சம் கிலோ மீட்டர்கூட வரும். கெட்ட பழக்கம் உள்ளவர் கையில் அதில் பாதிகூட வராது.

ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேல் வைத்திருக்காதீர்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது கியரில் வண்டியை எடுக்காதீர்கள். புதுக் கிளட்ச் போட்ட முதல் 500 கிலோ மீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

ஏற்றத்தில் நின்றால் கை பிரேக்கைப் போடுங்கள். முன்னால் உள்ள வண்டி நகர்ந்ததும் கிளட்ச்சை மெல்ல விட்டு, என்ஜின் இழுக்கத் தொடங்கியதும் கை பிரேக்கை எடுங்கள். கார் பின்னால் உருளாது. பிளேட்டும் கருகாது.

அடுத்த தடவை அந்த மதுரைக் குடும்பம் ராமேசுவரம் போகும்போது பாம்பன் பாலத்தில் அதே வரிசை நிற்கும். அதே ஏற்றம் இருக்கும். ஆனால் அப்பாவின் கை இந்தத் தடவை கை பிரேக்கில் இருக்கும்.

தனுஷ்கோடியில் பையன் மறுபடியும் சொல்வான்: "அலைக்குப் பக்கத்தில் போகலாம் அப்பா!"

"போகலாமே. கார் இங்கேயே நிற்கட்டும். நாம் நடந்து போவோம்!"